யேசுதாசன் நிரப்பிய எட்டுத் தூண்கள்

1. காலையில் வந்த போன்

தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுத் தொடங்கி மூன்றாம் கிழமை. காலை ஏழரை மணி இருக்கும். கந்தோருக்கு வெளிக்கிட்டு, சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு நிற்கிறேன், போன் அடித்தது. நெடுந்தீவிலிருந்து வெல்டர் யேசுதாசன்.

"மிஸ், கடற்பக்கத்துத் தூண் ரெண்டும் சாஞ்சு போச்சு. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ."

அவ்வளவுதான். பதறவில்லை, புலம்பவில்லை. ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது அந்த நேரத்துக்கு உண்மை. பிறகுதான் ஒருவருக்கு நடந்தது. அந்த ஒருவர் அவரேதான், செய்தது நான்.

முப்பத்தொரு வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரே கட்டிடப் பொறியியல் கந்தோரில் டிசைன் மேசையில் இருந்தவள் நான். போன வருடம் இளைப்பாறினேன். இப்போது அந்த மேசையில் இருக்கிற பிள்ளைகள், "மிஸ், உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். நல்ல கதைகளும் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவை பிறகு. இதை முதலில் எழுதாவிட்டால் மற்றவற்றை எழுத எனக்கு முகமில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் கெதியில் வரும். இந்தக் கதையில் அதற்கும் பங்கு இருக்கிறது.

2. குழாயும் கொங்கிறீற்றும்

நெடுந்தீவில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்கு மண்டபம் ஒன்று கட்ட வேண்டியிருந்தது. எந்தக் கரை, எந்தச் சங்கம் என்று எழுதப்போவதில்லை. நாலு பக்கமும் திறந்த மண்டபம். காலையில் மீன் ஏலம் கூற, பகலில் வலை பொத்த. மேலே கொங்கிறீற் ஸ்லாப் போட்டு அதில் கருவாடு காயவிடலாம், தண்ணீர்த் தாங்கியும் வைக்கலாம் என்பது சங்கத்தின் யோசனை.

தூணுக்கு இரும்புக் குழாயை நிறுத்தி உள்ளே கொங்கிறீற் நிரப்புவோம் என்று சொன்னது நான். நெடுந்தீவுக்குப் பலகை, கம்பி எல்லாம் படகில்தான் போகவேண்டும். குழாய்த் தூணுக்குப் பலகை அடிக்கத் தேவையில்லை, குழாயே அச்சு. கொங்கிறீற் உள்ளே இருப்பதால் குழாய் உட்பக்கம் மடியாது. குழாய் சுற்றிப் பிடித்திருப்பதால் கொங்கிறீற் வெடித்துச் சிதறாது. ஒன்றையொன்று காப்பாற்றும். ஒரே குறை, உள்ளே என்ன நடந்தது என்று வெளியிலிருந்து பார்க்க ஏலாது.

தூணுக்கு இரண்டு வேலை. மேலே இருக்கிற பாரத்தைத் தாங்கவேண்டும், அது ஆக்ஸியல் லோட். காற்றுத் தள்ளும்போது வளையாமல் நிற்கவேண்டும், அது பெண்டிங் மொமென்ற். இரண்டையும் தனித்தனியே பார்த்தால் சரிவராது, ஒரே வரைபில் சேர்த்துப் பார்க்கவேண்டும். நிமிர்ந்த கோட்டில் பாரம், படுத்த கோட்டில் மொமென்ற். தூணின் பலம் ஒரு வளைகோடாக வரும். நம்முடைய புள்ளி அதற்கு உள்ளே விழுந்தால் தூண் நிற்கும், வெளியே விழுந்தால் நிற்காது.

அந்த வளைகோட்டுக்கு ஒரு குணம் இருக்கிறது. மேலிருந்து நேரே சரிந்து வராது, நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அதாவது, மேலே அளவான பாரம் இருந்தால் தூண் கூடுதலான வளைவைத் தாங்கும். காற்றுத் தள்ளுகிற பக்கம் கொங்கிறீற் வாய் பிளக்கப் பார்க்கும், மேலே இருக்கிற பாரம் அதை அமத்திப் பிடிக்கும். பாரத்தை எடுத்தால் அந்த வயிறும் இல்லை. இதைப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கினவள்தான் நான்.

யேசுதாசனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வள்ளங்களுக்கு இரும்பு வேலை செய்து பழகின கை. தன்னுடைய பெயரில் ஒரு கட்டிட வேலை எடுத்தது அதுதான் முதல் தரம். அவருடைய தகப்பன் மரியாம்பிள்ளை அந்தச் சங்கத்தின் கமிற்றியில் கனகாலம் இருந்தவர். முதல் நாள் சைட்டுக்கு வந்து, தலையில் இருந்த துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மிஸ், பெடியன் பிழை விட்டா எனக்குச் சொல்லிப்போடுங்கோ" என்றார். நாற்பது வயதுப் பெடியன் பக்கத்தில் நின்று சிரித்தார். தகப்பனுக்கு மகனில் எவ்வளவு பெருமை என்று அந்த ஒரு பேச்சிலேயே தெரிந்தது.

சும்மா சொல்லக்கூடாது, யாழ்ப்பாண ரவுனில்கூட அப்படி ஒரு நிரப்பலை நான் பார்த்ததில்லை. ஒரு அடிக்குமேல் ஒரேயடியாக ஊற்ற விடமாட்டார். ஒவ்வொரு அடிக்கும் கம்பியால் குத்தி, வெளியே சுத்தியலால் சுற்றிவரத் தட்டி, காதைக் குழாயில் வைத்துக் கேட்பார். நிரம்பின இடம் ஊமையாகக் கேட்கும். வெறுமையான இடம் மணிபோலக் கேட்கும். ஊமை என்று தெரிந்தபிறகுதான் சோக்கட்டியால் ஒரு சிலுவை கீறிவிட்டு அடுத்த அடி. எட்டுத் தூணிலும் அடிக்கு ஒரு சிலுவை வரிசையாக இருந்தது. நான் பகிடிக்கு, "என்ன யேசுதாசன், தூணுக்கு ஞானஸ்நானமோ?" என்று கேட்டேன். "பிறகு ஆரும் உள்ளுக்குப் பாக்கேலாதெல்லோ மிஸ்" என்றார்.

3. அரை மணித்தியாலம்

தூண்கள் நிரம்பி இறுகின. அடுத்தது ஸ்லாப். அதற்குச் சல்லிக்கல்லும் சீமெந்தும் வரவேண்டும். படகுக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று கடத்தி, சோளகம் வாசலுக்கு வந்துவிட்டது. சோளகம் பிடித்தால் பாரம் ஏற்றின படகு அந்தக் கடலில் ஓட ஏலாது, பிறகு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். சங்கத் தலைவருக்குப் பொறுமை இல்லை. கூரைத் தகரமும் அதற்கான இரும்பும் ஏற்கெனவே தீவில் ஒரு இடத்தில் கிடந்தன. யேசுதாசன் எனக்குப் போன் எடுத்தார். நான் வேறொரு மாடிக் கட்டிடத்தின் பிளானில் தலையைப் புதைத்துக்கொண்டு இருந்தேன்.

"மிஸ், ஸ்லாப்பை விட்டிட்டுத் தகரம் போடலாமோ எண்டு தலைவர் கேக்கிறார்."

"போடுங்கோ. பாரம் குறையுதுதானே, தூணுக்கு நல்லது."

போனை வைப்பார் என்று பார்த்தால் வைக்கவில்லை.

"இல்லை மிஸ், வெறும் வள்ளம் எண்டா காத்துக்குப் பிரளும். நாங்கள் அடியிலை கல்லுப் போட்டுத்தான் ஓடுறனாங்கள். பாரம் இல்லாட்டி தூணுக்கு ஒண்டும் செய்யாதோ?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "யேசுதாசன், இது வள்ளமில்லை, கட்டிடம். டிசைன் செய்தது நான். நீர் உம்மடை வெல்டிங்கைப் பாரும்."

"ஓம் மிஸ்" என்று வைத்துவிட்டார்.

அதுவரைக்கும் அவரை நீங்கள் என்றுதான் கதைத்தேன். அன்றைக்கு ஒரு படி கீழே இறங்கி 'நீர்' வந்துவிட்டது. வள்ளம் பிரளுவதும் தூண் வளைவதும் ஒன்றல்ல, அது உண்மை. ஆனால் மேலே பாரம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டது சரியான கேள்வி. அதைக் கேட்கவேண்டியவள் நான். ஃபைலைத் திறந்து கணக்கைத் திரும்பப் பார்க்க அரை மணித்தியாலம் போதும். அலுமாரி என் கதிரைக்குப் பின்னால்தான் இருந்தது. நான் எழும்பவில்லை.

4. சுத்தியல் சத்தம்

தகரம் ஏறியது, சோளகமும் பிடித்தது. தூண் சாய்ந்ததென்று போன் வந்த அன்றே குறிகாட்டுவான் துறையில் படகு ஏறினேன். கடல் எழும்பி எழும்பி அடித்தது. இரண்டு தரம் சத்தி எடுத்தேன். இறங்கும்போதே, பின்னேரப் படகைத் தவறவிடக்கூடாது என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது.

கடற்பக்கத்துத் தூண்கள் இரண்டும் அடியில் மடங்கி, கூரையின் அந்தப் பக்கம் சரிந்து கிடந்தது. மடங்கின இடத்தில் குழாய், நீர் வைத்த முழங்கால்போல வெளியே வீங்கியிருந்தது. சங்கத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். தலைவர் நின்றார். மரியாம்பிள்ளையும் ஒரு பக்கமாக நின்றார்.

யேசுதாசனின் சுத்தியலை வாங்கி, வீங்கின இடத்தில் நான் தட்டினேன். மணிபோலக் கேட்டது. இன்னொரு தரம் தட்டினேன். அதே சத்தம். எல்லோருக்கும் கேட்டது.

"உள்ளுக்கு வெறும் குழாய்" என்றார் தலைவர். "உதுக்குள்ளை என்ன போட்டதெண்டு கடவுளுக்கும் யேசுதாசனுக்கும்தான் தெரியும்."

யேசுதாசன் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "மிஸ், அறுத்துப் பாப்பம். கட்டர் வீட்டை கிடக்கு. ஒரு மணித்தியாலம் தாங்கோ."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். படகுக்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது. இரவு தங்கி அடுத்த நாள் போயிருக்கலாம். தங்க இடமும் தந்திருப்பார்கள். தேவையில்லை, றிப்போட் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். வெளியே வரும்போது மரியாம்பிள்ளை குறுக்கே வந்தார்.

"மிஸ், பெடியன் பிழை விட்டிட்டானோ?"

"அப்பிடித்தான் தெரியுது ஐயா" என்றேன்.

அந்த நேரம் நான் பொய் சொல்லவில்லை, மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன். தூணில் சிலுவைகள் இன்னும் அழியாமல் இருந்தன. அவற்றைப் பார்த்தும் அப்படி நினைத்தேன். யாழ்ப்பாணம் வந்து, கொங்கிறீற் சரியாக நிரப்பப்படவில்லை என்று இரண்டு வரியில் றிப்போட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

5. வளைகோட்டின் வயிறு

விழுந்த இரண்டு தூணுக்கும் பதிலாகப் புதுத் தூண் வரைவதும் என் மேசைக்குத்தான் வந்தது. இரண்டு கிழமை கழித்து அந்த ஃபைலை முதல் தரமாகத் திறந்தேன்.

வளைகோட்டைக் கீறினேன். ஸ்லாப் இருக்கிற கணக்கில் என்னுடைய புள்ளி அந்த வயிற்றுக்குள் வடிவாக இருந்தது. அதை நம்பித்தான் குழாயின் தடிப்பையும் குறைத்திருந்தேன். பிறகு ஸ்லாப்பை எடுத்துவிட்டுத் தகரத்தைப் போட்டுப் பார்த்தேன். பாரம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதோடு திறந்த மண்டபம், காற்று அடியால் புகுந்து கூரையை மேலே தூக்கும். தூணை அமத்திப் பிடிக்க வேண்டிய பாரம் போய், மேலே இழுக்கிற இழுவை வந்துவிட்டது. காற்றின் மொமென்ற் குறையவேயில்லை. புள்ளி கோட்டுக்கு வெளியே விழுந்தது. கோட்டில் முட்டிக்கொண்டு இல்லை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெளியே.

மூன்று தரம் திரும்பச் செய்தேன். மூன்று தரமும் அதே இடம்தான். யேசுதாசன் கல்லால் கட்டி எழுப்பியிருந்தாலும் அந்தத் தூண் அந்தக் காற்றுக்கு நின்றிராது. அப்போதுதான் சுத்தியல் சத்தமும் விளங்கியது. குழாய் வெளியே வீங்கும்போது உள்ளே இருக்கிற கொங்கிறீற்றை விட்டு விலகும். விலகின இடத்தில் தட்டினால், உள்ளே நிரம்பியிருந்தாலும் மணிபோலத்தான் கேட்கும். வீங்காத இடத்தில் ஒருக்காத் தட்டியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

கந்தோர் டிரக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இப்ப என்ன செய்யப் போறீர்? ஆருக்கும் காயமில்லை. திருத்தி வரைஞ்சு குடும். உதைக் கிளறினா கந்தோரின்ரை பேர்தான் கெடும்."

தேத்தண்ணிக்குச் சீனி குறைந்தாலே அந்த மனிசனோடு சண்டை பிடிக்கிறவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவர் தடுத்ததால்தான் சொல்லவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதமாட்டேன். எனக்குப் பயம். இருபத்தேழு வருடம் பிழை விடாதவள் என்று எடுத்த பேர் போய்விடும் என்ற பயம். புதுத் தூண்களுக்குத் தடித்த குழாய் போட்டேன். மற்ற ஆறு தூண்களுக்கும் குறுக்கு இரும்பு வைத்தேன், மேலதிகப் பாதுகாப்புக்கு என்று பிளானில் எழுதினேன். கட்டிடத்தைத் திருத்திவிட்டேன். ஏன் திருத்துகிறேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்த மாதத்தில் நாலைந்து தரம் போனில் யேசுதாசனின் பெயர் வந்தது. அடித்து ஓயுமட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

6. மறுபடி நெடுந்தீவு

நாலு வருடம் போனது. இளைப்பாறி வீட்டில் இருக்கத் தொடங்கியதும் எனக்கு நித்திரை கெட்டது. ஒரு சனிக்கிழமை காலை படகு ஏறினேன்.

யேசுதாசன் வீட்டு வளவில் ஒரு வள்ளத்தின் இயந்திரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். கட்டிட வேலை பிறகு ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. தீவிலும் கொடுக்கவில்லை, வெளியிலும் கொடுக்கவில்லை. கதிரை எடுத்துப் போட்டார், மனைவி தேத்தண்ணி தந்தா. நான் அதைக் குடிக்காமல், கணக்கில் பிழை விட்டது நான் என்று நேரே சொன்னேன். ஸ்லாப், தகரம், வளைகோடு எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு எழும்பிப்போய், மூலையில் வலைக்கு மேல் பாரமாக வைத்திருந்த ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார். ஒரு அடி நீளக் குழாய்த் துண்டு. அறுத்த முகத்தில் ஒரு ஊசி இறங்க இடமில்லை. சல்லிக்கல்லும் சீமெந்தும் குழாயோடு ஒட்டிப்போய் இருந்தன.

"விழுந்த தூணை அடுத்த கிழமையே அறுத்துப் பாத்தனான் மிஸ். மூண்டு இடத்திலை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"போன் எடுத்தனான்."

பேச்சை மாற்றினேன். தகப்பன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"போன வருசம் கண்ணை மூடிட்டார். அண்டைக்குப் பிறகு அந்த மண்டபத்துக்கை அவர் கால் வைக்கேல்லை. கமிற்றியையும் விட்டிட்டார். மீனை அடுத்த கரைக்குக் கொண்டுபோய்த்தான் வித்தவர்."

"இந்தத் துண்டை அவருக்குக் காட்டேல்லையோ?"

"காட்டினனான். 'இதிலை இருக்குது, மற்ற இடத்திலை இல்லையாக்கும். படிச்ச பிள்ளை பொய் சொல்லுமோ' எண்டு கேட்டவர்."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை, அது நியாயம்தான். சங்கத்துக்குக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். கடிதம் வேண்டாம் என்றார். நாளைக்கு ஞாயிறு, பூசை முடிய எல்லோரும் மண்டபத்துக்கு வருவார்கள், அன்றைக்கு வாயால்தானே சொன்னீர்கள், இதையும் வாயால் சொல்லுங்கோ என்றார். இந்தத் தரம் இரவு தங்கினேன்.

அடுத்த நாள் நாற்பது பேர் வரையில் இருந்தார்கள். தலைவரும் இருந்தார். தூண் விழுந்தது யேசுதாசனின் பிழை இல்லை, என்னுடைய பிழை, அது எனக்கு நாலு வருடமாகத் தெரியும் என்று சொன்னேன். இப்போது மண்டபத்தில் பயமில்லையே என்று ஒருவர் கேட்டார், இல்லை என்றேன். தலைவர் யேசுதாசனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, பிழை எல்லாருக்கும் வாறதுதான் மிஸ், நீங்கள் வந்து சொன்னதே பெரிய காரியம் என்றார். தேத்தண்ணியும் தந்தார்கள். என்னுடைய பிழையை அவர்கள் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் மன்னித்துவிட்டார்கள். விடாத பிழையை யேசுதாசன் நாலு வருடம் சுமந்தார். அவர்கள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மேசையில் இருக்கிற பிள்ளைகளே, இதில் தொழிலுக்கென்று இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பாரம் கூடினால் நீங்கள் எப்படியும் கணக்கைத் திறப்பீர்கள். குறைந்தாலும் திறவுங்கள், குழாய்த் தூண் என்றால் கட்டாயம் திறவுங்கள். மற்றது, சத்தத்தை வைத்து ஒருவரைப் பற்றி எழுதாதேங்கோ. அறுத்துப் பாருங்கள். படகு நாளைக்கும் ஓடும்.

மூன்றாவது பாடத்தை யேசுதாசன்தான் சொன்னார். படகுத் துறைக்கு என்னுடைய பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். துறைக்குக் கிட்ட வந்ததும் நின்றார்.

"மிஸ், இனி உப்பிடி ஒரு வேலை வந்தா என்னைக் கூப்பிடுவியளோ?"

"நான் இளைப்பாறிட்டன் யேசுதாசன். இனி என்ரை கையிலை வேலை ஒண்டும் இல்லை."

"ஓம்" என்றார். குரலில் கோபம் இல்லை. "அதுதானே இப்ப வந்தனீங்கள். கந்தோரிலை இருக்கேக்கை வரேல்லை."

பையை என் கையில் தந்துவிட்டு, படகு வெளிக்கிடுமட்டும் நில்லாமல் திரும்பிப் போனார்.